சின்னாளபட்டிக்கு வந்த டாக்டரம்மா

வணக்கம் நேயர்களே.

டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் என்று சொன்னதும், "டி.வி.எஸ். வீட்டுப் பெண்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். 1962-ல் பத்மபூஷண் பெற்றவர். ஆனால் அப்பா பெயரையும் விருதையும் சொல்லி அவர் கதையை முடித்துவிடுகிறோமே, அதுதான் என் வருத்தம்.

சிறு வயதிலேயே கல்யாணம். டாக்டரான கணவர், பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கப் போய் அந்த நோய்க்கே பலியானார். இளம் விதவைகளை மூலையில் உட்கார வைத்த காலம் அது. இவரோ டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் படித்து 1936-ல் டாக்டராக வெளியே வந்தார். 1940-ல் காந்தியின் ஆசியோடு, காந்தியவாதியான ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார்.

கஸ்தூர்பா நினைவு அறக்கட்டளையின் தமிழ்நாட்டுப் பொறுப்பைக் காந்தி இவரிடம்தான் கொடுத்தார். 1947-ல், திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில், நெசவாளர் ஊரான சின்னாளபட்டியை ஒட்டி, காந்திகிராமம் என்ற கிராம சேவை நிலையத்தை இவரும் கணவரும் உருவாக்கினார்கள். இன்றைய கஸ்தூர்பா மருத்துவமனை அன்று இரண்டே படுக்கைகளோடு தொடங்கியது.

கிராமத்துச் செவிலியர்களுக்கு வகுப்பெடுப்பவள் நான். அந்தக் காலத்துப் பிரசவத்தை நினைத்தாலே எனக்கு மனசு பதறும். கொதிக்க வைக்காத கத்தியோ அரிவாளோ கொண்டு தொப்புள்கொடியை அறுப்பார்கள். பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை, ஒரு வாரத்துக்குள் வாய் திறக்க முடியாமல் விறைத்துப்போகும். ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். இதைத் தடுக்கப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டியதில்லை. கத்தியை வெந்நீரில் கொதிக்க வைக்கத் தெரிந்த ஒரு பெண் அந்தத் தெருவிலேயே இருந்தால் போதும். டாக்டர் வந்தால் தயங்குகிற மாமியார்கூட, தெரிந்த பெண் வந்தால் உள்ளே விடுவாள். கிராம சேவிகைகளுக்குப் பயிற்சி என்று அறக்கட்டளை தொடங்கியதன் அருமை இங்கேதான் இருக்கிறது.

அரசியலுக்கு வருவோம். 1952-ல் ஆத்தூர் தொகுதியிலிருந்து சட்டமன்றம் போனார். சேலத்து ஆத்தூர் அல்ல, திண்டுக்கல் ஆத்தூர். காந்திகிராமம் இருக்கிற வட்டாரம். 1957-ல் வேடசந்தூர். 1962-ல் திண்டுக்கல் நாடாளுமன்ற உறுப்பினர். பிறகு மத்திய கல்வித்துறை துணை அமைச்சர். மூன்றும் ஒரே வட்டாரத்துத் தொகுதிகள். செல்வாக்கான குடும்பம் என்பதால் கிடைத்த இடம் என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அங்கே வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட பெண்களில் எத்தனையோ பேர், இவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களாக இருந்திருப்பார்கள். தொண்டு வேறு, அரசியல் வேறு என்று அவர் பிரித்துப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1984-ல் சௌந்தரம் காலமானார். காந்திகிராமத்தின் கல்வி நிலையம் 1976-லேயே நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகிவிட்டது. கஸ்தூர்பா மருத்துவமனையில் இன்றும் பிரசவம் பார்க்கிறார்கள். செவிலியர் படிப்பில் புதிதாகச் சேர்கிற பெண்களுக்கு ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலைப் பற்றி முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறோம். அதே வகுப்பில் சௌந்தரம் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று ஆசிரியர்களை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.