கண்ணில் ஒளிந்திருக்கும் சிபிலிஸ்

நண்பர்களே, பார்வை மங்குகிறது, வெளிச்சம் கூசுகிறது என்று ஒருவர் கண் மருத்துவரிடம் வருகிறார். கண்ணுக்குள் அழற்சி இருப்பது தெரிகிறது. உடனே ஸ்டீராய்டு சொட்டு மருந்து, மாத்திரை. சில நாள் குறைகிறது, மறுபடி வருகிறது. காரணம் பாலுறவால் பரவும் சிபிலிஸ் என்ற தொற்றுநோயாக இருந்தால், ஸ்டீராய்டு அழற்சியை அடக்குமே தவிர கிருமியைக் கொல்லாது. அந்த இடைவெளியில் விழித்திரையும் பார்வை நரம்பும் சேதமாகிவிடலாம். அதனால்தான் நான் கெஞ்சிக் கேட்கிறேன்: காரணம் தெரியாத எந்தக் கண் அழற்சிக்கும் முதலில் சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

1905-இல் கண்டறியப்பட்ட ட்ரெபோனிமா பாலிடம் என்ற சுருள் வடிவக் கிருமிதான் காரணம். நோயின் எந்தக் கட்டத்திலும் அது கண்ணைத் தாக்கலாம். கண்ணின் எந்தப் பகுதியும் தப்பாது. சிலருக்குக் கண் சிவப்பதுகூட இல்லை, பார்வை மட்டும் குறையும். பிறப்புறுப்பில் வந்த புண் வலிக்காமல் தானே ஆறியிருக்கும். வந்ததே அவருக்குத் தெரிந்திருக்காது. பிறகு எப்படிச் சொல்வார்?

பரிசோதனையில் ஒரு நுட்பம் உண்டு. வி.டி.ஆர்.எல்., ஆர்.பி.ஆர். என்ற ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளை (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதத்தை) தேடுவதில்லை. நாள்பட்ட நோயில், சிகிச்சை பெறாதவருக்கும்கூட, அவை 'இல்லை' என்று காட்டலாம். எதிர்ப்பொருள் அளவுக்கு மீறி இருந்தாலும் அதே தவறு நேரும். ரத்த மாதிரியை நீர்க்கச் செய்து பார்த்தால்தான் உண்மை வெளிவரும். டி.பி.எச்.ஏ. போன்ற பரிசோதனைகள் கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளைத் தேடுபவை. ஆனால் நோய் குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க 'உண்டு' என்றே சொல்லும். ஆகவே ஒன்றை மட்டும் செய்து முடிவு கட்டாதீர்கள். இரண்டு வகையையும் சேர்த்துப் படியுங்கள். கூடவே எச்.ஐ.வி. பரிசோதனையும் தேவை.

உறுதியானால் நரம்பு மண்டல சிபிலிஸுக்குத் தரும் சிகிச்சைதான் கண்ணுக்கும்: நாளொன்றுக்கு 1.8 முதல் 2.4 கோடி யூனிட் பென்சிலின், ரத்தக்குழாய் வழியாக, 10 முதல் 14 நாள். சீக்கிரம் தொடங்கினால் இழந்த பார்வை பெருமளவு திரும்பும். எனக்கு இந்த நோயில் மிகவும் நம்பிக்கை தருவது இதுதான். துணைவரையும் அழைத்துப் பரிசோதிக்க வேண்டும். அந்தப் பேச்சைக் கூச்சப்படாமல், குற்றம் சாட்டாமல் தொடங்க வேண்டியவர் மருத்துவர்.

கர்ப்பிணிக்கு இந்தப் பரிசோதனை விட்டுப்போனால் பாதிப்பு பிள்ளைக்கு. பிறக்கும்போது தெளிவாக இருந்த கருவிழி, பள்ளி வயதில் வெண்புகை படர்ந்ததுபோல் மங்கும். கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே தாயின் ரத்தத்தைப் பார்த்துப் பென்சிலின் கொடுத்திருந்தால், அந்தப் பிள்ளை கண் மருத்துவரிடம் வந்திருக்கவே வேண்டாம்.