1440பி மானிட்டர்ல 1080பி வெச்சா ஏன் மங்குது? ரெசல்யூஷன எங்க கொறைக்கணும், எங்க கை வெக்கக்கூடாது

[திரையில: ஒரே சீன், ரெண்டு ஸ்கிரீன்ஷாட் பக்கத்துல பக்கத்துல. இடது பக்கம் பளிச்சுனு, வலது பக்கம் கண்ணாடில ஆவி படிஞ்ச மாதிரி]

வணக்கம் மக்களே, கும்பகோணத்துலேர்ந்து பேசுறேன், பின்னாடி ஃபேன் சத்தம் கேக்கும், பொறுத்துக்கங்க, அக்னி நட்சத்திரத்துல ஃபேன நிறுத்திட்டு ரெக்கார்டு பண்ற அளவுக்கு நான் இன்னும் பெரிய ஆள் ஆகல.

விஷயம் என்னன்னா, போன வாரம் மன்னார்குடிலேர்ந்து என் அத்தை பையன் போன் பண்ணான். எடுத்த எடுப்புலயே "மச்சான், மானிட்டர் டிஃபெக்ட் பீஸ் மச்சான், திருப்பி அனுப்பப்போறேன்"னு ஒரே பொலம்பல். என்னடா மாப்ளன்னு கேட்டா, 27 இன்ச் 1440பி மானிட்டர் வாங்கிருக்கான், அதாவது மேலேர்ந்து கீழ 1440 வரிசை பிக்சல், 144 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 144 தடவ திரை புதுசாகும், நல்ல சாமான்தான். ஆனா கேம் படத்த வரையற கிராபிக்ஸ் கார்டு என்னன்னா அவன்கிட்ட ரொம்ப நாளா இருக்குற ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி. 1440பில கேம் போட்டா நகர மாட்டேங்குது, சரின்னு கேம் செட்டிங்ஸ்ல 1080பி வெச்சா ஓடுது, ஆனா எழுத்தெல்லாம் ஊறிப்போன அப்பளம் மாதிரி தெரியுது, "பழைய 24 இன்ச்சுல இதே 1080பி எவ்ளோ ஷார்ப்பா இருந்துச்சு தெரியுமா"ங்குறான்.

மானிட்டர்ல ஒரு குத்தமும் இல்ல. அவன் கொறைச்ச எடம்தான் தப்பு. இது அவனுக்கு போன்ல சொன்னதுதான், ஆனா போன்ல படம் காட்ட முடியல, அதான் இந்த வீடியோ.

[திரையில: வாசல்ல புள்ளி வெச்ச படம், மேலேர்ந்து எடுத்தது]

இது எங்க வீட்டு வாசல், மார்கழில எடுத்தது, அம்மா போட்ட கோலம். வரிசைக்கு 20 புள்ளி. இப்ப ஒரு கணக்கு. நோட்டுல இருக்கறது 15 புள்ளி கோலம், ஆனா வாசல்ல ஏற்கனவே 20 புள்ளி வெச்சாச்சு, அழிக்கவும் முடியாது, நகத்தவும் முடியாது, அந்த 15 புள்ளி கோலம் இந்த 20 புள்ளி அகலத்தையும் ரொப்பணும். எப்படி போடுவீங்க? முதல் புள்ளி முதல் புள்ளி மேல சரியா விழும். நோட்டுல இருக்குற ரெண்டாவது புள்ளி வாசல்ல ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல போய் விழுது. மூணாவது, அங்க மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல. நாலாவது புள்ளிதான் மறுபடி சரியா அஞ்சாவது மேல ஒக்காருது. நடுவுல மாட்டுன புள்ளிய என்ன பண்றது? ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் மாவ தூவி சமாளிக்கணும். தூவுனா என்ன ஆகும், கோடு தடிச்சு, ஓரம் மங்கி, கோலம் கலைஞ்ச மாதிரி இருக்கும்.

1080பிய 1440பி மானிட்டர்ல காட்டுறப்ப நடக்கறது அச்சு அசலா இதேதான், ஏன்னா 1080க்கும் 1440க்கும் உள்ள விகிதம் 3க்கு 4. மானிட்டர்ல பிக்சல்ங்கறது கண்ணாடிக்குள்ள பதிச்சு வெச்ச புள்ளி, 2560க்கு 1440, அதான் நேட்டிவ் ரெசல்யூஷன், அத மாத்த யாராலயும் முடியாது. அப்பறம் இன்னொன்னு, 24 இன்ச் 1080பில ஒரு இன்ச்சுக்கு கிட்டத்தட்ட 92 பிக்சல், 27 இன்ச்ச 1080பில ஓட்டுனா அது 82 அளவுக்கு எறங்கிடுது, அதுக்கு மேல இந்த மாவு தூவுற வேலை வேற. பழைய மானிட்டர் நல்லா இருந்துச்சுன்னு மாப்ள சொன்னது பொய் இல்ல.

பழைய குண்டு மானிட்டர்ல இந்த தொல்லை இல்ல, பிரவுசிங் சென்டர் காலத்து ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும், 800க்கு 600 வெச்சாலும் 1024க்கு 768 வெச்சாலும் ரெண்டும் பாக்க நல்லாத்தான் இருக்கும், ஏன்னா அதுல எலக்ட்ரான் கதிர் கோடு கோடா வரைஞ்சுட்டு போவும், இந்த மாதிரி ஒரு பிக்சலுக்கு ஒரு புள்ளின்னு கட்டாயம் கெடையாது.

அப்ப 720பி வெச்சா? 720க்கு ரெண்டு மடங்கு சரியா 1440. 10 புள்ளி கோலத்த 20 புள்ளில போடற மாதிரி, ஒரு பிக்சலுக்கு நாலு பிக்சல், நடுவுல எதுவும் மாட்டாது. கணக்குப்படி ஷார்ப்பா வரணும், ஆனா வராது, ஏன்னா மானிட்டரும், கார்ட இயக்குற சாஃப்ட்வேரான டிரைவரும் சும்மா விடாம அப்பவும் தூவத்தான் செய்யும், பழக்கதோஷம். அத நிறுத்தறதுக்குத்தான் இன்டீஜர் ஸ்கேலிங்னு ஒரு ஆப்ஷன். 2019ல கார்டு கம்பெனிங்களான என்விடியாவும் ஏஎம்டியும் டிரைவர்ல குடுத்தாங்க, 1650லயும் இருக்கு. பழைய பிக்சல் ஆர்ட் கேமுக்கு அது அமிர்தம். இப்ப வர்ற 3டி கேமுக்கு போட்டீங்கன்னா படிக்கட்டு படிக்கட்டா தெரியும், அத நான் சிபாரிசு பண்ண மாட்டேன். 4கே டிவி வெச்சிருக்கவங்களுக்கு மட்டும் இது நல்ல சேதி, 4கேங்கறது 1080பிக்கு ரெண்டு மடங்கு அகலம் ரெண்டு மடங்கு உயரம், அங்க 1080பி வெச்சு இன்டீஜர் ஸ்கேலிங் போட்டா மங்காது.

இப்ப ஏன் கொறைக்கவே வேண்டியிருக்கு, அதுக்கு வருவோம்.

[திரையில: மூணு நம்பர். 1080பி 20,73,600. 1440பி 36,86,400. 4கே 82,94,400]

டெல்டாக்காரங்களுக்கு இத வயல் கணக்குல சொன்னா சட்டுனு புரியும். 1080பிய ஒரு வேலி நெலம்னு வெச்சுக்கங்க, 20 மா. 1440பி ஏறக்குறைய ஒன்னேமுக்கால் வேலி. 4கே முழுசா நாலு வேலி. கிராபிக்ஸ் கார்டுதான் நடவு ஆளுங்க. ஆள் எண்ணிக்கை அதேதான், நெலம் மட்டும் ஒன்னேமுக்கால் ஆச்சுன்னா பொழுது சாஞ்சாலும் நடவு முடியாது. அதுவும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது திரையில வர்ற ஒவ்வொரு படத்துக்கும், முழு வயலையும் திரும்ப நடணும், 60 எஃப்பிஎஸ், அதாவது செகண்டுக்கு 60 ஃப்ரேம் வேணும்னா ஒரு நடவுக்கு கெடைக்கிற நேரம் 16.7 மில்லி செகண்ட், 30 போதும்னா 33.3.

ஆனா இங்கதான் நெறைய பேர் கோட்ட விடுறாங்க. நாத்து பறிச்சு முடி கட்டி கொண்டாந்து போடற ஆள் ஒருத்தர் இருக்காருல்ல, அவர்தான் சிபியு. நாத்து வரலன்னா நடவு ஆளுங்க வரப்புல ஒக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டு கதை பேசுவாங்க, அப்ப நீங்க நெலத்த பாதியா கொறைச்சாலும் வேலை வேகமாகாது, நாத்துதான் இல்லையே. அதனால எதையும் மாத்தறதுக்கு முன்னாடி ஒரு சோதனை: கேம்ல கூட்டமா இருக்குற எடத்துல போய் நின்னு எஃப்பிஎஸ் பாருங்க, அப்பறம் சும்மா 720பிக்கு எறக்கி அதே எடத்துல அதே பக்கம் பாத்து நின்னு மறுபடி பாருங்க. நல்லா ஏறுச்சுன்னா கார்டுதான் தெணறுது, இந்த வீடியோ உங்களுக்குத்தான். அசையலன்னா தெணறுறது சிபியு, ரெசல்யூஷன கொறைச்சு படத்த கெடுத்துக்கறதுதான் மிச்சம். டாஸ்க் மேனேஜர்ல சிபியு 40 சதவீதம்தானே காட்டுதுன்னு நம்பாதீங்க, எட்டு கோர்ல ஒரே ஒரு கோர் முழுசா நெம்பி நின்னாலும் மொத்தத்துல கம்மியாத்தான் காட்டும். ரேம் ஒத்த குச்சியா போட்டிருந்தா அதையும் ஒரு பார்வ பாத்துடுங்க, ரெண்டு குச்சியா போட்டா பல கேம்ல சிபியு பக்கம் கொஞ்சம் மூச்சு விடும், தனி கார்டு இல்லாம ஓட்டறவங்களுக்கு வித்தியாசம் இன்னும் நல்லாவே தெரியும்.

ஒரு நிமிஷம்... கரண்ட் போயிடுச்சு. யூபிஎஸ் கத்துறது கேக்குதா? மைக்க மட்டும் காப்பாத்திக்கிட்டேன். இத கட் பண்ணல, இருக்கட்டும்.

[திரையில: கேம் செட்டிங்ஸ் மெனு. டிஸ்ப்ளே ரெசல்யூஷன் வரிசைல பெருக்கல் குறி, ரெண்டர் ஸ்கேல் வரிசைல டிக்]

சரி, கார்டுதான் தெணறுதுன்னு தெரிஞ்சுடுச்சு. டிஸ்ப்ளே ரெசல்யூஷன 1440பிலயே விட்டுடுங்க, அதுல கை வெக்காதீங்க. அதுக்கு கீழயே ரெண்டர் ஸ்கேல்னோ ரெசல்யூஷன் ஸ்கேல்னோ ஒன்னு இருக்கும், கேமுக்கு கேம் பேர் மாறும், அத கொறைங்க. என்ன வித்தியாசம்னா, டிஸ்ப்ளே ரெசல்யூஷன கொறைச்சா மேப்பு, எழுத்து, துப்பாக்கி குறி எல்லாமே சேர்ந்து மங்கும். ரெண்டர் ஸ்கேல் கொறைச்சா பின்னாடி ஓடுற 3டி காட்சி மட்டும்தான் சின்னதா வரைஞ்சு பெருசாக்கப்படுது, எழுத்தெல்லாம் நேட்டிவ்லயே கத்தி மாதிரி நிக்கும். நம்ம கண்ணு முதல்ல மங்கல கண்டுபிடிக்கிறது எழுத்துலதான், அது தெளிவா இருந்தாலே பாதி கொறை தெரியாது.

அதுக்கும் மேல ஒரு படி போனா டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர், ரெண்டும் சின்னதா வரைஞ்ச படத்த சாமர்த்தியமா பெருசாக்குற டெக்னிக். டிஎல்எஸ்எஸ் என்விடியாவோடது, 2018ல ஆர்டிஎக்ஸ் 20 வரிசையோட வந்தது, ஆர்டிஎக்ஸ் கார்டு இருந்தாத்தான் வேலை செய்யும், மாப்ளயோட 1650க்கு அந்த கொடுப்பினை இல்ல. எஃப்எஸ்ஆர் ஏஎம்டியோடது, முதல் வெர்ஷன் 2021, ரெண்டாவது 2022, இது ரெண்டும் என்விடியா கார்டுலயும் ஓடும், அந்த வகைல ஏஎம்டிக்கு ஒரு கும்பிடு. ரெண்டு வெர்ஷனுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் இருக்கு. முதல் எஃப்எஸ்ஆர் கையில இருக்குற ஒத்த படத்த மட்டும் வெச்சு பெருசாக்கி ஓரத்த தீட்டும், அவ்ளோதான். ரெண்டாவது எஃப்எஸ்ஆர் முன்னாடி போன ஃப்ரேமுங்களையும் சேத்து வெச்சுக்கும், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கேமராவ ஒரு பிக்சலுக்கும் கம்மியா நகத்தி நகத்தி வரையும், அதனால ஒரு ஃப்ரேம்ல விட்டுப்போன நுணுக்கம் அடுத்ததுல மாட்டிக்கும், எது எங்க நகந்துச்சுன்னு கேமே சொல்லிடறதால அத எடுத்து சரியான எடத்துல ஒட்டிக்கும்.

கணக்க பாருங்க, 1440பில எஃப்எஸ்ஆர் குவாலிட்டி மோடு வெச்சா உள்ள வரையறது 1706க்கு 960, அதாவது 16 லட்சத்து சொச்சம் பிக்சல். நேர் 1080பிய விடவும் கம்மி! ஆனா திரையில பாத்தா 1080பிய விட தெளிவா இருக்கு. இதத்தான் மாப்ள நம்பவே மாட்டேன்னான், ரெண்டையும் மாத்தி மாத்தி போட்டு பாத்துட்டுதான் வாய மூடுனான். ஆனா அந்த பெருசாக்குற வேலைக்கும் கார்டு கொஞ்சம் நேரம் எடுத்துக்கும், அதனால பிக்சல் கொறைஞ்ச அளவுக்கு எஃப்பிஎஸ் ஏறும்னு எதிர்பாக்காதீங்க. பெர்ஃபார்மன்ஸ் மோடு போட்டா உள்ள 720பிதான், 27 இன்ச்சுல எனக்கு அது ஒத்துக்கல, வேகமா ஓடுற ஆளுக்கு பின்னாடி வால் மாதிரி ஒரு நிழல் இழுத்துக்கிட்டே வருது.

கேம்லயே எஃப்எஸ்ஆர் இல்லன்னா டிரைவர்லயே பெருசாக்குற வசதி இருக்கு, என்விடியால இமேஜ் ஸ்கேலிங், ஏஎம்டில சூப்பர் ரெசல்யூஷன். அது எழுத்தையும் சேத்து பெருசாக்கும், ஆனா மானிட்டரே தூவுறதுக்கு இது எவ்வளவோ மேல்.

அப்பறம் செட்டிங்ஸ். ரெசல்யூஷன்ல கை வெக்கறதுக்கு முன்னாடியே இங்க கொஞ்சம் கறந்துடலாம், அல்ட்ராங்கற வார்த்தைய மறந்துடுங்க, அது ஸ்கிரீன்ஷாட் எடுக்கறவங்களுக்கு. ஷேடோவ மீடியத்துக்கு கொண்டாங்க. வால்யூமெட்ரிக் ஃபாக், அந்த மார்கழி பனி மாதிரி மூட்டமா வருமே, அது நல்லா தின்னும், லோவுக்கு எறக்குங்க. ரிஃப்ளெக்ஷனும் அதே ஜாதிதான். டெக்ஸ்ச்சர், அதாவது பொருள் மேல தோல் மாதிரி ஒட்டுற படம், அது மட்டும் வேற கதை, அது எஃப்பிஎஸ்ஸ தின்னாது, கார்டோட மெமரியத்தான் தின்னும், எடம் இருக்கற வரைக்கும் ஹைலயே விடலாம். எடம் தாண்டுனா மெயின் ரேம்லேர்ந்து இழுத்துக்கிட்டு வரும், அப்பத்தான் ஓடிக்கிட்டு இருக்கறப்ப சடக் சடக்னு நிக்கும், 4 ஜிபி கார்டுல பாதி பேர் கஷ்டப்படுறது இதுலதான், அத எஃப்பிஎஸ் கம்மின்னு நெனச்சு ரெசல்யூஷன போட்டு கொறைக்கிறாங்க. ஆனிசோட்ராபிக் ஃபில்டரிங் 16லயே இருக்கட்டும், செலவு சொற்பம், தூரத்துல போற ரோடும் தரையும் கஞ்சியாகாம இருக்கும்.

கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடறவங்க பல பேர் 1280க்கு 960 வெச்சு, படத்த திரை முழுக்க இழுத்து விட்டு ஆடறாங்களேன்னு கேப்பீங்க. அது வேற கணக்கு, எதிராளி உருவம் அகலமா தெரியும், பல வருஷ பழக்கம், அழகு அவங்களுக்கு தேவையில்ல. கதை கேம் ஆடறவன் அத காப்பியடிச்சா பாயசத்துல உப்பு போட்ட கதைதான்.

[திரையில: மாப்ளயோட ஃபைனல் செட்டிங்ஸ்]

கடைசில மாப்ளைக்கு வெச்சது இதான். டிஸ்ப்ளே 1440பி. எஃப்எஸ்ஆர் குவாலிட்டி. டெக்ஸ்ச்சர் மீடியம், ஷேடோ மீடியம், ஃபாக் லோ. 60 கேட்டு அடம் புடிச்சான், ஆனா 60 நிக்கல, 50க்கும் 60க்கும் நடுவுல ஊசலாடுச்சு, அந்த ஊசலாட்டம்தான் கண்ண உறுத்துது. அதனால 48ல கட்டிப்போட்டேன். ஏன் 48ன்னா, 144 ஹெர்ட்ஸ்ல சரியா மூணுல ஒரு பங்கு, ஒவ்வொரு ஃப்ரேமும் மூணு தடவ ஒரே சீரா திரையில நிக்கும். ஃப்ரீசிங்க், அதாவது கார்டு வேகத்துக்கு மானிட்டரே தன் வேகத்த மாத்திக்கற வசதி, ஒழுங்கா வேலை செய்யற மானிட்டர்னா இந்த வகுத்தல் கணக்கே வேண்டாம், ஆனா கட்டிப்போடறது அப்பவும் நல்லது, கார்டும் சூடாகாது, மன்னார்குடி வெயிலுக்கு அதுவும் முக்கியம்.

நேத்து ராத்திரி பதினொன்றரைக்கு மறுபடி போன். "மச்சான், எழுத்தெல்லாம் சூப்பர், ஸ்மூத்தாவும் இருக்கு, ஆனா அந்த புல்லு நுனி மட்டும் மினுக்கு மினுக்குன்னு மின்னிக்கிட்டே இருக்கு, இது டிஃபெக்ட்டா?" அதான் எஃப்எஸ்ஆர் மாப்ள, மெல்லிசா இருக்குற பொருள்ல அப்படித்தான் வரும், ஷார்ப்னஸ் ஸ்லைடர எதுல வெச்சிருக்கன்னு கேட்டேன். ஃபுல்லுலன்னான். பாதிக்கு எறக்குடா, காலைல பேசலாம்னு வெச்சுட்டேன்.