இரண்டு தடவை யூரியா போட்டும் பயிர் ஏன் பச்சை கட்டவில்லை?

காவிரி டெல்டாவின் கடைமடையான தலைஞாயிறு பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: "சம்பா நட்டு நாற்பது நாள் ஆச்சு. ரெண்டு தடவை யூரியா போட்டாச்சு. பயிர் வெளுத்தே கிடக்கு. இன்னொரு மூட்டை போடலாமா?"

வேண்டாம் ஐயா, கொஞ்சம் பொறுங்கள். முதலில் வரப்போரம் போய்ப் பாருங்கள். மண் காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறதா? அப்புறம் ஒரு தூரைப் பிடுங்கிக் கழுவிப் பாருங்கள். வெறும் தழைச்சத்துக் குறை என்றால் அடி இலை சீராக வெளிறி மஞ்சளாகும். உப்பு என்றால் இலை நுனி கருகிச் சுருண்டிருக்கும். வேரும் குட்டையாக இருக்கும், புதிதாக வெள்ளை வேர் அதிகம் விட்டிருக்காது. அந்த வேருக்குச் சத்தை எடுக்கும் தெம்பு இல்லை.

உள்ளே நடப்பது இதுதான். தண்ணீரில் உப்பு கூடினால் வேரால் அந்தத் தண்ணீரை எளிதில் இழுக்க முடியாது. தண்ணீரோடு வர வேண்டிய சத்தும் குறைந்துவிடும். உப்பிலுள்ள சோடியம் வேரின் சவ்வைக் கெடுப்பதால் அம்மோனியம், பொட்டாசியம் இரண்டின் வரத்தும் தளரும். தழைச்சத்தை நெல் பெரும்பாலும் அம்மோனியம் என்ற வடிவில்தான் எடுக்கும். நெல்லுக்குப் பின் நீங்கள் போடும் பருத்தி தழைச்சத்தின் இன்னொரு வடிவமான நைட்ரேட்டை நம்பியிருக்கிறது. அங்கே உப்பிலுள்ள குளோரைடு நேராகவே போட்டிக்கு வந்து நைட்ரேட்டின் வழியை அடைக்கும். இலைக்குள் போன நைட்ரேட்டைப் புரதமாக்கும் வேலையும் மந்தமாகும்.

போட்ட யூரியா எங்கே போகிறது? மண்ணில் காரம் கூடக்கூட யூரியாவிலிருந்து வரும் அம்மோனியா ஆவியாகிக் காற்றில் கலக்கும். அப்படிப்பட்ட மண்ணில் இன்னொரு மூட்டை போட்டால் அதிலும் ஒரு பங்கு இப்படித்தான் வீணாகும்.

இப்போது செய்ய வேண்டியது, கிடைக்கும் நல்ல தண்ணீரைக் கட்டி, வடித்து, மறுபடி கட்டுவது. கடைமடையில் அதற்குத் தண்ணீர் கிடைப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். ஆனால் வடிகால் அடைத்துக் கிடந்தால் கட்டிய தண்ணீரும் உப்பைக் கொண்டுபோகாது. ஆகவே வாய்க்காலைத் தூர் எடுங்கள், கடல் தண்ணீர் ஏறி வருகிறதா என்று நாக்கில் வைத்தாவது பாருங்கள். அதுவரை பயிரைத் தாங்க, பத்து லிட்டர் தண்ணீருக்கு நூறு கிராம் யூரியா கரைத்துச் சாயங்காலம் இலையில் தெளியுங்கள். புது வேர் வெள்ளையாக விட்டபின் மேலுரத்தைப் பிரித்துப் பிரித்துப் போடலாம்.

ஜிப்சம் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது களர் நிலத்துக்கு, அதாவது பி.எச். எனும் கார அளவு 8.5-க்கு மேல் போன மண்ணுக்கு. உப்பு மட்டும் கூடிய உவர் நிலத்துக்கு ஜிப்சம் வேண்டியதில்லை, தண்ணீரும் வடிகாலும்தான் மருந்து. மண் பரிசோதனைச் சீட்டு வந்ததும் அதைப் படம் எடுத்து அனுப்புங்கள், ஜிப்சம் வேண்டுமா, வேண்டுமென்றால் எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிறேன்.