சிவதை வேர்

நேயர்களே, வணக்கம்.

நான் சின்னப் பிள்ளையாய் இருந்த காலத்தில், மட்டக்களப்பின் படுவான்கரையில் பள்ளி விடுமுறை விட்டாலே எங்களுக்குப் பயம் பிடித்துவிடும். பேதிக்குக் குடிக்கும் நாள் வரும். முதல்நாள் இரவு கஞ்சி மட்டும். விடிய வெறும் வயிற்றில் அம்மம்மா மருந்தை நீட்டுவார், மூக்கைப் பொத்திக்கொண்டு குடிப்போம். வயிற்றோட்டம் நின்ற பிறகு உப்புப் போட்டு, மோர் விட்டுப் பிசைந்த சோறு. அந்த ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது.

அந்த மருந்தில் இருந்தது சிவதை வேர். பற்றைகளில் படரும் கொடி இது. தண்டை விரலால் உருட்டினால் விளிம்பு விளிம்பாகத் தட்டுப்படும், கிள்ளினால் பால் வரும். புனல் மாதிரி வெள்ளைப் பூ. வற்றாளை, அதாவது சர்க்கரைவள்ளிக் கிழங்கின் சொந்தக்காரன் என்பது பூவைக் கண்டாலே விளங்கும்.

எங்கள் ஊர் வைத்தியரான பரியாரியார் வேரை நெடுக்காகக் கீறி, நடுநரம்பை உருவி எறிவார். தோலை மட்டும் பாலில் அவித்து, காயவைத்து, இடித்து, சுக்குச் சேர்ப்பார். சுக்கு இல்லாவிட்டால் வயிறு முறுக்கும்.

வடமொழியில் திரிவிருத் என்ற இந்த வேர் அரபு வைத்தியர்களிடம் போய்த் துர்புத் ஆனது. யூனானியில் இன்றும் அதே பெயர்தான். மெக்சிக்கோவின் ஹலாப்பா நகரத்தின் பெயரோடு ஐரோப்பாவுக்குப் போன ஜாலப் என்ற பேதி வேரும் இதே குடும்பம். அதனால்தான் சிவதைக்கு ‘இந்திய ஜாலப்’ என்றொரு பெயரும் உண்டு.

இரண்டிலும் வேலை செய்வது பிசின். அது குடலை உறுத்தி நீரை இறங்க வைக்கும். நீரோடு உப்பும் போய்விடும். அளவு தப்பினால் பிள்ளைகளும் வயதானவர்களும் துவண்டு விழுந்துவிடுவார்கள். பொடிப் பாக்கெட்டை வாங்கி, கையளவுக்குப் போட்டுக் குடிப்பவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. நரம்பு எடுத்ததா, யாருக்குக் கொடுக்கலாம் என்று பாக்கெட் சொல்லுமா?

பரியாரியார் மருந்து தருமுன் நிறையக் கேட்பார். காய்ச்சல் இருக்கா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், நித்திரை எப்படி என்று. ஒருமுறை என் சின்னம்மாவும் வரிசையில் நின்றார். பரியாரியார் நாடி பார்த்தார், மெதுவாக ஏதோ கேட்டார். சின்னம்மா தலையைக் குனிந்தார். பரியாரியார் மடித்து வைத்திருந்த பொடியைத் திரும்பவும் போத்தலில் கொட்டி மூடினார். சின்னம்மா பிள்ளைத்தாச்சி என்று எங்களுக்கு அன்றுதான் தெரியும்.