மண் பரிசோதனை சரி என்று வந்தும் உருளைக்கிழங்கு ஏன் திட்டுத் திட்டாகக் குட்டையாகிறது?

அடுத்த கேள்வி கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டது. "மண் பரிசோதனை அட்டையில் எல்லாம் சரி என்றுதான் இருந்தது. ஆனாலும் செடி அங்கங்கே வட்டமாகக் குட்டையாகி மஞ்சளாகிறது. நடுவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள முடியாதா?"

முடியும், ஐயா. ஆனால் அந்த அட்டை சத்துகளைத்தான் பார்க்கிறது, மண்ணில் உயிரோடு இருப்பதைப் பார்ப்பதில்லை. நீங்கள் சொல்வதைக் கேட்டால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது முட்டைக்கூடு நூற்புழு மேல்தான், அதாவது மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் நுண்ணிய புழு. நீலகிரியில் இதை 1961-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பெண் புழு செத்ததும் அதன் உடம்பே பழுப்பாகக் கெட்டிப்பட்டு, ஊசித்தலை அளவுக்குக் கூடாகிவிடும். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில் முட்டைகள். உருளைக்கிழங்கு வேரிலிருந்து கசியும் நீர் பட்டால்தான் பெரும்பாலானவை பொரியும். அதுவரை இருபது வருடம்கூடக் காத்திருக்கும்! அதனால்தான் இரண்டு போகம் கேரட் போட்டுவிட்டு மறுபடி கிழங்கு வைத்தாலும் வந்துவிடுகிறது.

கண்டுபிடிக்கும் முறை எளிது. மண்ணை நன்றாக உலர்த்தித் தண்ணீரில் கரைத்தால் காய்ந்த கூடுகள் மிதக்கும். அவற்றைச் சல்லடையில் பிடித்து, நசுக்கி, உயிருள்ள முட்டைகளை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். கூடுகளை மட்டும் எண்ணினால் போதாது, பாதி காலியாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் மண்ணிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தே பல கிருமிகளை ஒரே மண் மாதிரியில் அளக்கிறார்கள்.

முட்டை எண்ணிக்கையோடு கிழங்கு ரகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே மண்ணில் குப்ரி ஜோதி அடிவாங்கும், குப்ரி ஸ்வர்ணா தாங்கும்.

எல்லாமே மண் மாதிரி எடுப்பதில்தான் இருக்கிறது, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். புழு நிலம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. ஒரே இடத்தில் ஒரு கை மண் எடுத்துவிட்டு "இல்லை" என்று முடிவு வந்தால் அதை நம்பாதீர்கள். அறுவடை முடிந்ததும் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, ஐம்பது இடத்திலாவது கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். வண்டி நுழையும் வாய், மழைநீர் இறங்கும் ஓரம், குட்டையான செடிகள் நின்ற இடம், இவற்றை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு படிமட்டத்துக்கும் தனிப் பை போட்டு, எந்த மட்டம் என்று எழுதி, ஊட்டி முத்தோரையில் இருக்கும் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். முடிவு வரும்வரை அந்த நிலத்துக் கிழங்கை விதைக்கு யாருக்கும் கொடுக்க வேண்டாம், ஐயா.