களியில் பிடித்த பிள்ளையார்

நடுவர் அவர்களுக்கும் ஆடிப் பண்டிகைக்குத் திரண்டு வந்திருக்கிற சேலத்து மக்களுக்கும் வணக்கம். ஆளுக்கு ஏழு நிமிஷம்னு சொல்லிட்டாங்க, அதனால வணக்கம் இதோட போதும்.

‘சின்னக் குழந்தைங்க இருக்கிற வீட்டுல இயற்கை உணவு சமைக்கிறது நடக்கிற காரியமா, பகல் கனவா?’ இதுதான் தலைப்பு. நடக்கும்னு சொல்ல நாலு காரணம் எழுதிட்டு வந்தேன். அந்தத் தாளை மடிச்சுப் பையில வச்சாச்சு. எல்லாம் எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தம்பியாலதான். என்ன சொன்னாரு? “ராகிக் களியைக் கிண்டி வச்சா பிள்ளைங்க அதுல பிள்ளையார் பிடிச்சு விளையாடுது, வாயில வைக்க மாட்டேங்குது”ன்னாரு. பந்தலே அதிர்ந்துச்சு. நானும்தான் கை தட்டினேன்.

ஆனா தம்பி, களியில பிள்ளையார் பிடிக்க முடிஞ்சா அந்தக் களி சரியா வெந்திருக்குன்னு அர்த்தம். வேகாத களியில குரங்கு கூடப் பிடிக்க முடியாது!

அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு வீடு. அப்பா கொலுசுப் பட்டறையில கண்ணி பத்தவைக்கிறவரு. நூல் மாதிரி இருக்கிற வெள்ளியைப் பிசகாம ஒட்டுற கை. அம்மா நர்ஸ், அந்த வாரம் ரெண்டாம் ஷிப்ட். நாலு வயசுல ஒரு பொண்ணு. ஸ்கூல்ல பக்கத்துல உக்கார்ற பாப்பா களி கொண்டு வந்துச்சாம். சாயங்காலம் வந்ததும், “அப்பா, எனக்கும் களி.”

தண்ணி தளதளன்னு கொதிக்குது. மனுஷன் ஒரு டம்ளர் மாவையும் ஒரே கவிழ்ப்பாக் கொட்டி, அடுத்த நொடியே கிண்ட ஆரம்பிச்சாரு. கட்டி தட்டிப் போச்சு. ஏன்னா, கொதிக்கிற தண்ணி பட்டதும் மாவு உருண்டையோட மேல்பக்கம் வெந்து பசையா மூடிக்கும். அப்புறம் தண்ணி உள்ள போக வழி ஏது? பொண்ணு ஒரு கட்டியைப் பிச்சுப் பாத்துட்டு, “அப்பா, உள்ள பவுடர் இருக்கு!”ன்னுச்சு. அவரு சொன்னாரு, “அது பூரணம் கண்ணு.”

சிரிங்க. ரெண்டாவது தடவை இன்னும் மோசம். அலமாரியில ரெண்டு டப்பா. ஒண்ணு சாதா ராகி மாவு. இன்னொண்ணு தம்பிப் பாப்பா கஞ்சிக்காக முளைகட்டி அரைச்ச மாவு. இவரு ரெண்டாவதை எடுத்துட்டாரு. பொறுமையாத்தான் கிண்டினாரு, களி இறுகவே மாட்டேங்குது. கிண்டக் கிண்ட இளகுது, கையெல்லாம் ஒட்டுது. முளை விடும்போதே தானியத்துல மாவுச்சத்தை உடைக்கிற நொதி உண்டாகிடும். அதனால முளைகட்டின மாவு கெட்டிப்படாது. ஆறு மாசம் முடிஞ்ச குழந்தைக்குக் கஞ்சி காச்ச அதே குணம்தான் வரம்: மாவு கொஞ்சம் கூடப் போட்டாலும் கஞ்சி இளக்கமா இறங்கும், சத்தும் கூடும். ஆனா களிக்கு அது ஆகாது. பொண்ணு எட்டிப் பாத்துச்சு. “அப்பா, இது களி இல்ல, கோந்து.”

வாழப்பாடியில இருக்கிற தன் அம்மாவுக்குப் போன் போட்டாரு. அந்த அம்மா சொன்னதை அப்படியே சொல்றேன், தாய்மார்கள் மனசுல வச்சுக்குங்க. ஒரு டம்ளர் மாவுக்கு ரெண்டு டம்ளர் தண்ணி. குழந்தைக்கு இளக்கமா வேணும்னா ரெண்டே கால். முதல்ல ரெண்டு ஸ்பூன் மாவை அதுல கால் டம்ளர் பச்சைத் தண்ணியில கரைச்சு, மிச்சத் தண்ணி கொதிக்கிறப்ப ஊத்து. அது பாலா கொதிச்சதும் மீதி மாவை நடுவுல குவியலாப் போட்டு, கட்டையால நடுவுல ஒரு ஓட்டை போடு. தீயைச் சின்னதாக்கி மூடு.

“அப்புறம் என்னம்மா பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ணாத. அஞ்சு நிமிஷம் கையைக் கட்டிக்கிட்டு நில்லு. நீ அதைத்தான்டா பண்ண மாட்ட!”

நடுவர் அவர்களே, சூட்சுமமே அந்த அஞ்சு நிமிஷம்தான். ஆவி மாவுக்குள்ள ஏறி, ஓட்டை வழியாத் தண்ணி மேல வந்து கொப்பளிக்கும். அப்ப கட்டையைப் பிடிச்சுச் சட்டி ஓரத்துல தேச்சுத் தேச்சுக் கிண்டணும். மறுபடி மூடி மூணு நிமிஷம். ஈரக் கையால தொட்டா ஒட்டக் கூடாது, அதான் பதம். மொத்தமே கால் மணி நேரம். ஆடிக் கூழுக்கு வெயில்ல ஒரு மணி நேரம் வரிசையில நிக்கிற ஊரு, களிக்குக் கால் மணி நேரம் இல்லைன்னா எப்படிங்க?

தம்பி இன்னொண்ணும் சொன்னாரு: டப்பா பவுடர் மூணு நிமிஷத்துல ரெடியாம். டப்பாவைத் திருப்பிப் பாருங்க தம்பி. உள்ள சேர்த்த பொருள்ல எது எடையில அதிகமோ அது பேரைத்தான் முதல்ல அச்சடிக்கணும்னு விதி. முதல் மூணு பேருக்குள்ள சர்க்கரை வந்தா நீங்க வாங்கினது மிட்டாய். நூறு கிராம் ராகியில 340 மில்லிகிராமுக்கு மேல சுண்ணாம்புச்சத்து இருக்கு, அதே அளவு பால்ல 120 பக்கம்தான்.

சேலத்துல நின்னுக்கிட்டு ஜவ்வரிசியைத் தொட்டா கல்லு பறக்கும், இருந்தாலும் சொல்லிடறேன். 2023ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம ஜவ்வரிசி அநேகமா முழுக்க மாவுச்சத்துதான். வெறும் ஜவ்வரிசிக் கஞ்சியில குழந்தை வயிறு நிறையும், உடம்பு தேறாது. பாசிப்பருப்பும் பாலும் சேருங்க. கீரைக் கடைசலை இறக்கினதும் எலுமிச்சை நாலு சொட்டுப் பிழிஞ்சா அதுல இருக்கிற இரும்புச்சத்து உடம்புல நல்லா ஒட்டும். ஏற்காட்டுக் காப்பி அதைத் தடுக்கும், அது நமக்கு மட்டும்.

நடுவர் மணி மேல கை வைக்கிறாரு. ஐயா, அந்தப் பொண்ணு இன்னும் சாப்பிடலை.

மூணாவது களி ஜம்முன்னு வந்துச்சு. உருண்டை பிடிச்சுத் தட்டுல வச்சாரு, ஓரமாக் கடலைச் சட்னி. பொண்ணு என்ன பண்ணுச்சு? நம்ம தம்பி சொன்ன மாதிரியே பிள்ளையார் பிடிச்சுது. வயிறு, காது, தும்பிக்கை. கண்ணுக்கு ரெண்டு வறுத்த கடலை வேணும்னு கேட்டுது. பாட்டி போன்லயே அலறுது: “முழுக்கடலை கையில குடுக்காதடா, சின்னப் பிள்ளை, மூச்சுக்குழாயில போயிடும்!” தாளிச்ச கடுகு ரெண்டு ஒட்டினாங்க. வயித்துப் பக்கமாப் பிச்சுப் பிச்சுச் சட்னியில தொட்டுக்கிட்டே அஞ்சு உருண்டை உள்ள போச்சு. ஆறாவதுல இன்னொரு பிள்ளையார் பிடிச்சுக் கிண்ணத்தைக் கவுத்து மூடி வச்சுது.

“அது யாருக்குக் கண்ணு?”

“அம்மாவுக்கு. எல்லாருக்கும் ஊசி போட்டுட்டுப் பசியோட வருவாங்க.”

ராத்திரி ஒன்பதரைக்கு அம்மா வந்தாங்க. எட்டு மணி நேரம் நின்ன காலு. அப்பனும் மகளும் தூங்கிட்டாங்க. அடுப்பு மேல தீஞ்ச சட்டி ரெண்டு. தலையில அடிச்சுக்கிட்டே கிண்ணத்தைத் தூக்கினாங்க. கடுகுக் கண்ணோட பிள்ளையார் அவங்களைப் பாக்குறாரு. வேலைக்குப் போற தாய்மார்கள் இந்தப் பந்தல்ல எத்தனையோ பேர் இருக்கீங்க, அந்த அம்மா அங்கயே தரையில உக்காந்து ஏன் அழுதாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

குழந்தை வாயில வைக்காதுன்னு சொன்ன தம்பி, ஒரு விஷயம் விட்டுப்போச்சு. அந்தப் பிள்ளையாருக்குக் காது இருந்துச்சு, வயிறு இருந்துச்சு. தும்பிக்கையை மட்டும் காணோம். இருந்த இடத்துல ரெண்டு பல் தடம்.

வணக்கம்.