பாஸ்டர் வீட்டுக் கடனையும் கதையில எழுதுங்க

(மண்டபத்துல கிறிஸ்தவ வாசகர்களும் எழுதுறவங்களும் கூடின ஒரு சாயங்காலக் கூட்டத்துல பேசினது. பேசின மாதிரியே இருக்கட்டும்னு பெருசா திருத்தல.)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பாம்பன், தங்கச்சிமடம், அந்தப் பக்கம் கீழக்கரை வரைக்கும் இருந்து வந்திருக்கீங்க, கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்னு சிலர் இப்பவே மணி பாக்குறீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். ஊழியக்காரர் குடும்பத்தை வச்சு நம்ம ஆளுங்க எழுதுற கதைகளைப் பத்தித்தான் பேச வந்திருக்கேன். அந்தக் கதைகளை நான் நெறைய படிப்பேன், சபைப் பத்திரிகையில வந்தாலும் சரி, வாட்ஸ்அப்ல வந்தாலும் சரி, விடமாட்டேன். ரொம்ப வருஷமா படிச்சுட்டு எனக்குள்ள ஒரு ஆதங்கம் சேந்துபோச்சு, அதை இன்னிக்கு இறக்கி வைக்கணும்.

கதை எப்படிப் போகும்னு உங்களுக்கே தெரியும். பாஸ்டர் வீட்ல அரிசி இல்ல. பிள்ளைக்கு காய்ச்சல். பாஸ்டரம்மா அழுறாங்க, பாஸ்டர் முழங்கால் போடுறார், விடியக்காலையில கதவைத் தட்டுற சத்தம், யாரோ ஒருத்தர் கையில ஒரு கவர், உள்ள எவ்வளவு தேவையோ அவ்வளவு பணம், முற்றும். அப்படி நடக்காதுன்னு நான் சொல்லல, நடந்த வீடுகளை எனக்குத் தெரியும், நானே சாட்சி. ஆனா கவர் வராத விடியக்காலைகளும் இருக்குல்ல? அன்னிக்கு அந்த வீட்ல என்ன நடந்துச்சு? அதை யாரும் எழுத மாட்டேங்குறோம். கவர் வராத வீட்டுப் பாஸ்டரம்மா இந்தக் கதையைப் படிச்சா அவங்களுக்கு என்ன தோணும்? நம்ம விசுவாசத்துலதான் ஏதோ குறைன்னு தோணும். ஆறுதல் குடுக்க எழுதின கதை ஒரு பொம்பளையைக் குற்றவாளி ஆக்கிட்டுப் போயிடுது, இதுதான் எனக்குத் தாங்கல.

இது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும் இல்ல. இங்கிலாந்துல ஆலிவர் கோல்ட்ஸ்மித் 1766-ல 'தி விகர் ஆஃப் வேக்ஃபீல்ட்'னு ஒரு நாவல் போட்டார், ஒரு போதகர் குடும்பத்தோட கதை. சொத்து போகுது, மக வீட்டை விட்டுப் போறா, வீடு தீப்பிடிக்குது, கடனுக்காக போதகரை ஜெயில்ல போடுறாங்க. அவ்வளவும் ஆன பிறகு கடைசிப் பக்கங்கள்ல எல்லாம் திரும்ப வந்துடுது, போன சொத்து உட்பட. அந்த ஜெயில் பகுதியெல்லாம் படிக்கிறப்ப மனசு கனத்துப்போகும், முடிவு வந்ததும் அந்தக் கனம் லேசாகிடும். அன்னிக்கு இருந்தே எழுதுறவங்களுக்கு போதகரை அப்படியே கஷ்டத்துல விட்டுட்டு வர மனசு வரல போல.

வேதத்துல எப்படி இருக்குன்னு பாருங்க. இரண்டாம் ராஜாக்கள் நாலாம் அதிகாரம், எல்லாருக்கும் தெரிஞ்ச பகுதி, எண்ணெய்க் குடம். அதை நாம அற்புதத்துல இருந்துதான் பிரசங்கம் பண்ணுவோம், நான் முதல் வசனத்துலயே நின்னுட்டேன். தீர்க்கதரிசிகளின் புத்திரர்ல, அதாவது தீர்க்கதரிசிகளோட சீஷர் கூட்டத்துல, ஒருத்தரோட பொஞ்சாதி எலிசா தீர்க்கதரிசி கிட்ட வந்து கூப்பாடு போடுறா. என் புருஷன் செத்துட்டார், அவர் கர்த்தருக்குப் பயந்து நடந்தவர்னு உமக்கே தெரியும், இப்ப கடன் குடுத்தவன் என் ரெண்டு பிள்ளைகளையும் அடிமையா கூட்டிட்டுப் போக வந்து நிக்கிறான்ங்குறா. இது ஊழியக்காரர் குடும்பத்துக் கதை இல்லாம வேற என்ன? மனுஷன் தேவனுக்குப் பயந்தவர், அதே மனுஷன் கடனோட செத்தவர். ரெண்டும் ஒரே மூச்சுல வருது, வேதம் ஒண்ணுக்காக இன்னொண்ணை மறைக்கல. அந்தக் கடன் எதுக்கு வாங்கினதுன்னு எழுதல. சாப்பாட்டுக்கா, வைத்தியத்துக்கா, வர்ற போற ஊழியக்காரருக்கு சோறு போட்டதுக்கா? புருஷன் இருக்கும்போதே அவளுக்குத் தெரியுமா, இல்ல செத்த பிறகு கடன்காரன் வந்து நின்னப்பதான் தெரிஞ்சுதா? ஒரு நாவலுக்கு உண்டான இடம் அங்க கிடக்கு.

அற்புதம் நடக்குதேன்னு கேப்பீங்க. நடக்குது, வீட்ல இருந்த ஒரு குடம் எண்ணெய் பாத்திரம் பாத்திரமா பெருகி, அதை வித்துக் கடனை அடைக்கிறா. ஆனா அதுக்கு முன்னாடி அவ என்ன பண்ண வேண்டியிருக்கு பாருங்க, அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய் காலிப் பாத்திரம் கேக்கணும், கொஞ்சம் இல்ல, நெறைய. கடன்காரன் வந்து நின்னது அந்தத் தெரு பூரா தெரிஞ்சிருக்கும். அந்த முகங்களுக்கு முன்னாடி போய் நின்னு கை நீட்டுறா. நான் கதை எழுதினா எண்ணெய் பெருகுற இடத்தை ரெண்டு வரியில முடிச்சுட்டு, அவ நாலாவது வீட்டு வாசல்ல நிக்கிறதை நாலு பக்கம் எழுதுவேன்.

இப்ப நம்ம கரைக்கு வருவோம். இங்க கடற்கரை ஊர்கள்ல கத்தோலிக்கர்தான் அதிகம், பங்குச் சாமியாருக்குக் குடும்பம் கிடையாது, அவங்க பாடு வேற மாதிரி. நான் சொல்றது சி.எஸ்.ஐ.ங்குற தென்னிந்தியத் திருச்சபை, பெந்தெகொஸ்தே, தனிச் சபைகள். சி.எஸ்.ஐ.-ல சம்பளம்னு ஒண்ணு இருக்கு, பத்துதோ பத்தலையோ மாசம் வரும். தனிச் சபையில காணிக்கைதான் எல்லாம், அந்தக் காணிக்கை கடல்ல இருந்துதான் வரணும். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு போகும், ஆனா விசைப்படகு நின்னா கரையில கூலி நிக்கும், ஐஸ் கம்பெனி நிக்கும், மீன் ஏத்துற லாரி நிக்கும், டீக்கடை கூட மந்தமாயிடும். மீனவக் குடும்பத்துக்கு அரசாங்க நிவாரணம்னு ஒரு தொகை வரும். பாஸ்டர் அந்த லிஸ்ட்ல கிடையாது. காணிக்கைப் பையில நோட்டு குறைஞ்சு சில்லறை கூடும், பாட்டுப் பாடிக்கிட்டிருக்கும்போதே பை விழுற சத்தத்துல பாஸ்டரம்மாவுக்குத் தெரிஞ்சிடும். தடைக்காலம் முடியவும் ஸ்கூல் தொறக்கவும் சரியா இருக்கும்.

எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்குற ஒரு காட்சியைச் சொல்றேன், யாராவது எழுதுங்க. வாரக் கடன் குழு. ஒரு திண்ணையில பத்துப் பொம்பளைங்க, நடுவுல கலெக்சன் தம்பி பையையும் மெஷினையும் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். ஒருத்தி கட்டலன்னா மத்தவங்க சேந்து கட்டணும், அதுதான் குழுவோட சட்டம். அந்தப் பத்துல ஏழு பேர் சபை விசுவாசிங்க, பத்தாவது ஆள் பாஸ்டரம்மா. இந்த வாரம் அவங்ககிட்ட தவணைக்காசு இல்ல. போன ஞாயித்துக்கெழமைதான் அவங்க வீட்டுக்காரர் 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்'னு பிரசங்கம் பண்ணார், இந்த ஏழு பேரும் ஆமென் சொன்னாங்க. இப்ப பக்கத்துல உக்காந்திருக்கிற அக்கா முந்தானையில இருந்து முடிச்சை அவுத்து, யாரும் பாக்காம இவங்க மடியில வைக்கிறாங்க. "பாஸ்டரம்மா, ஐயாகிட்ட சொல்லாதீக." அவ்வளவுதான். அந்தக் காசை வாங்கிக்கிட்ட பிறகு அடுத்த ஞாயித்துக்கெழமை அந்த அக்காவுக்கு முன்னாடி எப்படி நின்னு ஜெபம் பண்றது, பாஸ்டர்கிட்ட சொல்றதா வேணாமா, சொன்னா அவர் உடைஞ்சிடுவாரா, சொல்லாட்டி அது பொய்யா? இதுக்குள்ள போங்க. இங்க தேவன் இல்லைன்னு யார் சொல்லுவா? கவர் கொண்டு வர்ற முகம் தெரியாத ஆளை விட அந்த முந்தானை முடிச்சுல எனக்கு தேவன் நல்லாத் தெரியுறார்.

பாஸ்டரம்மாங்குறது ஊதியம் இல்லாத உத்தியோகம். பெண்கள் கூட்டம் அவங்க, ஞாயிறு பள்ளி அவங்க, நடுராத்திரி வந்து கதவைத் தட்டுறவங்களுக்கு காப்பி போடுறது அவங்க. அவங்களுக்கு அழைப்பு இருந்துச்சான்னு யாராவது கேட்டோமா? நூறு வருஷத்துக்கு மேல முன்னாடியே ஒரு பொண்ணு இதை எழுதிட்டாங்க, கிருபாபாய் சத்தியநாதன். பம்பாய்ப் பக்கம் கிறிஸ்தவரா மாறின பிராமணக் குடும்பத்துல 1862-ல பிறந்து, சென்னைக்கு வந்து, 1894-ல இளவயசுலயே இறந்துபோனவங்க. அவங்களோட 'சகுணா'ங்குற இங்கிலீஷ் நாவல்ல, புருஷன் தேடிப்போன விசுவாசத்துக்குள்ள பொஞ்சாதி பயந்து பயந்து பின்னாடி வர்றதை அவ பக்கத்துல நின்னு எழுதியிருப்பாங்க. அந்தத் துணிச்சல் இன்னிக்குத் தமிழ்ல எங்க?

பிள்ளைங்க கதை தனி. பாஸ்டர் பிள்ளை பரிசு வாங்கினா "பாஸ்டர் பிள்ளைன்னு குடுத்துட்டாக", வாங்கலன்னா "பாஸ்டர் பிள்ளையே வசனம் சொல்லல பாருங்க". நல்ல சட்டை போட்டா யார் காசு, கிழிஞ்ச சட்டை போட்டா சபைக்கு அவமானம். விசுவாசத்துல சந்தேகம் வந்தா கேக்குறதுக்கு அதுக்கு ஒரு பாஸ்டர் கிடையாது, ஏன்னா பாஸ்டர் அப்பாவா வீட்ல உக்காந்திருக்கார். அமெரிக்க எழுத்தாளர் மெரிலின் ராபின்சன் 2004-ல எழுதின 'கிலியட்' நாவல்ல 76 வயசு போதகர், இருதய நோயாளி, ஏழு வயசு கூட நிரம்பாத தன் மகனுக்கு ஒரு நீளக் கடிதம் எழுதிட்டுப் போறார், உனக்கு விட்டுட்டுப் போக எங்கிட்ட பெருசா ஒண்ணும் இல்லையேங்குற வருத்தம் அதுல ஓடிக்கிட்டே இருக்கும். நம்ம பாஸ்டர்மார் ஊருக்கெல்லாம் ஆறுதல் கடிதம் எழுதுவாங்க. சொந்தப் பிள்ளைக்கு எழுதினவர் யாருன்னு யோசிச்சுப் பாத்தேன், ஒருத்தர் முகமும் ஞாபகத்துக்கு வரல.

கடல்லயே இன்னொண்ணு இருக்கு, இதை வெளியூர்க்காரங்களால எழுத முடியாது. போன படகு திரும்பல. தேடப் போன படகுகளும் வெறுங்கையோட வந்துடுச்சு. பாஸ்டர் தினமும் சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போய், பத்திரமா கொண்டு வாரும் ஆண்டவரேன்னு ஜெபிக்கிறார். மூணு நாள் ஆச்சு, ஒரு வாரம் ஆச்சு, பத்து நாள் ஆச்சு. எந்த நாள்ல அந்த ஜெபத்தோட வார்த்தையை மாத்துறது? மாத்தினா அன்னிக்குத்தான் அந்தப் பொம்பளை விதவை ஆகுறா, பாஸ்டர் வாயாலதான் ஆகுறா. உடம்பு கெடைக்கலன்னா இறந்துட்டார்னு சட்டம் எடுத்துக்குறதுக்கே பொதுவா ஏழு வருஷம் ஆகும், சட்டத்துக்கு அவகாசம் இருக்கு, பாஸ்டருக்கு இல்ல. அன்னிக்கு ராத்திரி அவர் வீட்டுக்கு வந்து சோத்துல கைய வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருப்பார், பொஞ்சாதி எதுவும் கேக்க மாட்டாங்க. எலியா தீர்க்கதரிசி சோர்ந்துபோய் சூரைச்செடிக்குக் கீழ படுத்துக்கிட்டு 'போதும் கர்த்தாவே'ன்னு சொன்னப்ப தேவதூதன் பிரசங்கம் பண்ணல, எழுந்திரிச்சு சாப்புடுன்னான். அந்த ராத்திரி அந்த வீட்ல அதைச் சொல்றதுக்கு ஆள் யாரு? அவங்க பொஞ்சாதிதான். அவங்களுக்குச் சொல்ல?

இதையெல்லாம் எழுதினா சபைக்குக் கெட்ட பேர் வரும்னு ஒரு பெரியவர் போன தடவை சொன்னார், அவர் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா பாருங்க, பாஸ்டர்னாலே பணம் தின்னவன்னு காட்டுற கதைகள் வெளியில ஏற்கெனவே நெறைய இருக்கு, தப்புப் பண்ணவங்களும் இருக்காங்க, அதையும் மறைக்கக் கூடாது. அதுக்கு நாம வச்சிருக்குற பதில் என்ன, குறையே இல்லாத பாஸ்டரா? வெளியில வில்லன், உள்ள தேவதூதன், நடுவுல மனுஷன் எங்க போனான்? ஓரியூர்ல 1693-ல விசுவாசத்துக்காகத் தலை வெட்டுப்பட்ட அருளானந்தர் சாமியாரை இந்த மாவட்டத்துல தெரியாதவங்க இல்ல, எந்தச் சபையா இருந்தாலும் அந்தக் கதையைச் சொல்லுவோம், சொல்லணும். ஒரே நாள்ல உயிரைக் குடுத்தவருக்குக் கதை இருக்கு. இருவது வருஷமா வாடகை வீடு மாறி மாறி, ஆஸ்பெட்டாஸ் ஷெட்ல வேர்த்து விறுவிறுத்து ஆராதனை நடத்தி, பொஞ்சாதி தாலியில இருக்குற குண்டுமணித் தங்கத்தையும் அடகு வச்சு உயிரைக் கொஞ்சம் கொஞ்சமா குடுக்குறவருக்கு ஏன் ஒரு கதை இல்ல?

இங்க இருக்குற ஊழியக்காரர் வீட்டு அம்மாமாருக்கு, பிள்ளைகளுக்கு நேராவே கேக்குறேன், நீங்க எழுதுங்க. சாட்சி சொன்னா பேர் தெரியும், ஜெபக் குறிப்பு குடுத்தா ஊர் பூரா தெரியும். கதையா எழுதினா ஊர் பேரையும் மாத்திடலாம், ஆள் பேரையும் மாத்திடலாம், சி.எஸ்.ஐ.-ஐ பெந்தெகொஸ்தே ஆக்கிடலாம், மகளை மகனாக்கிடலாம், உள்ள இருக்குற உண்மை மட்டும் அப்படியே நிக்கும். முடிவு தெரியலன்னா முடிவு இல்லாமயே குடுங்க. நோட்டுல கையால எழுதிக் குடுத்தாலும் போதும், டைப் பண்ற வேலையை நான் பாத்துக்குறேன், உங்க பேர் யாருக்கும் போகாது. அடுத்த கூட்டம் தடைக்காலத்துலதான் வைக்கலாம்னு பேசியிருக்கோம், அப்ப கரையில எல்லாரும் இருப்பாங்க. வர்ற கதைகளை அன்னிக்கு உக்காந்து சத்தமா வாசிப்போம், பாஸ்டர்மாரும் வந்து கேக்கட்டும்.